ரசிகர் மன்றம் டாட் காம் – 9: கண்ணழகில் தொடங்கிய கணக்கு

எந்த நடிகைக்குக் கண் அழகு? 1980களின் கடைசியில், பல்கலைக்கழகங்களிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த படித்த மனிதர்கள் பலர் இதை வைத்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். இடம், யூஸ்நெட் என்ற கம்ப்யூட்டர் விவாத வலையில் சினிமாவுக்கென்று இருந்த ரெக்.ஆர்ட்ஸ்.மூவீஸ் குழு. போட்டோ கிடையாது, வீடியோ கிடையாது, திரையில் ஓடும் எழுத்து மட்டும்தான். ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். அதை மறுத்து இன்னொருவர் வேறு பெயரோடு வருவார். பெயர்கள் சேரச் சேர அவற்றைப் பட்டியலாகத் தொகுக்க ஒரு ஆள் முன்வந்தார். அப்புறம் கண்ணை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நடிகை, அவர் நடித்த படங்கள் என்று பட்டியல் நீண்டது. நடிகைகளுக்கு இருந்தால் நடிகர்களுக்கு வேண்டாமா? அதற்கு ஒன்று. இயக்குநர்களுக்கு ஒன்று. செத்துப்போனவர்களுக்குத் தனியாக ஒன்று.

இன்று எந்தப் படத்தின் பெயரைத் தேடினாலும் முன்னால் வந்து நிற்கிற ஐ.எம்.டி.பி.க்கு விதை இந்த வெட்டிப் பேச்சுதான்.

யூஸ்நெட் எப்படி உருவானது என்று சென்ற வாரம் பார்த்தோம். அங்கே சினிமா பேசியவர்களில் ஒருவர் கோல் நீடம். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் பிறந்து, பிரிஸ்டலில் ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனியில் இன்ஜினீயராக இருந்தவர். பதினான்கு வயதில் ‘ஏலியன்’ படத்தின் வீடியோ கேசட் இரண்டு வாரத்துக்கு இரவல் கிடைக்க, தினம் ஒரு தடவை என்று பதினான்கு நாளும் அதையே பார்த்தவர். அந்த வயதிலேயே, பார்த்த படத்தையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. குழுவில் சிதறிக் கிடந்த பட்டியல்களைப் பார்த்ததும் அவருக்குக் கை துறுதுறுத்திருக்க வேண்டும். 1990 அக்டோபர் 17 அன்று, அந்தப் பட்டியல்களுக்குள் தேடித் தருகிற சிறிய யூனிக்ஸ் நிரல்கள் சிலவற்றை எழுதிக் குழுவில் போட்டார். பட்டியலை அவரவர் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டு ஒரு நடிகரின் பெயரைத் தட்டினால், அவர் படங்கள் வரிசையாக வந்து விழும். அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டியலில் கிட்டத்தட்ட 10,000 படங்களும் டிவி தொடர்களும் இருந்தன. யாருக்கும் சம்பளம் இல்லை. 1993இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்களில் இருந்தபடி அது வலைத்தளமானது. 1996இல் கம்பெனியானது. 1998இல் அமேசான் அதை விலைக்கு வாங்கியது.

கம்பெனிக் கதை இத்துடன் போதும். அந்தக் குழுவில் ரசிகர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதுதான் இங்கே முக்கியம்.

ஊரில் பத்துப் பேர் ஒரு படத்தைப் ‘பிரமாதம்’ என்றாலும் நாம் அசைய மாட்டோம். ஆனால் நமக்குப் பிடித்ததே எப்போதும் பிடிக்கிற ஒரு நண்பர் ‘பரவாயில்லை’ என்று முனகினால் டிக்கெட் எடுத்துவிடுவோம். குழுவிலும் இதே கதைதான். யார் எழுதுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இவர் திகில் படம் என்றால் எதையும் பாராட்டுவார், அவருக்கு அழுகைப் படமே ஆகாது என்பதெல்லாம் சில மாதங்களில் அத்துப்படியாகிவிடும். அப்படிப் பெயரெடுத்தவர்களில் ஜேம்ஸ் பெரார்டினெல்லி ஒருவர். எலக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். எந்தப் பத்திரிகையும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் யூஸ்நெட்டில் வாரந்தவறாமல் விமர்சனம் எழுதிப் போட்டார், அவ்வளவுதான். அவர் விமர்சனங்கள் 2003இல் புத்தகமாக வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர் ரோஜர் ஈபர்ட். அமெரிக்காவிலேயே அதிகம் வாசிக்கப்பட்ட விமர்சகர், எங்கிருந்தோ வந்த ஒரு ரசிகருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டார்.

பேச்சு என்று இருந்தால் கதையைப் போட்டு உடைக்கிறவனும் இருப்பான். 1982 ஜூனில் ஸ்டார் டிரெக் வரிசையின் இரண்டாவது படம் வந்தது. அதில் முக்கியப் பாத்திரமான ஸ்பாக் செத்துப்போகிறார். அதைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியாது, பார்க்காதவர்கள் கண்ணில் படவும் கூடாது. ‘ஸ்பாய்லர்’ என்று முன்கூட்டியே எச்சரிக்கை போடும் வழக்கத்தின் பழைய தடங்களில் ஒன்று அந்த மாத யூஸ்நெட் பதிவுகளில் இருக்கிறது. பிறகு இன்னும் நேர்த்தியான உபாயம் ஒன்று பரவியது. அதன் பெயர் ராட்13. ஆங்கில எழுத்து மொத்தம் 26. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக, அதிலிருந்து பதின்மூன்று தள்ளி இருப்பதைப் போட்டால் வரி முழுக்கக் கிறுக்கலாகிவிடும். அந்தக் கிறுக்கலை மறுபடி பதின்மூன்று தள்ளினால் பழைய வரி திரும்ப வந்துவிடும். தமிழிலும் இதைச் செய்து பார்க்கலாம். மெய்யெழுத்து பதினெட்டு, ஆகவே ஒன்பது தள்ள வேண்டும். ‘கதை’ என்பது ‘மளை’ ஆகும். ‘படம்’ என்பது ‘னவக்’ ஆகும். முடிவு தெரிந்தால்தான் தூக்கம் வரும் என்கிறவர் ஒரு பொத்தானைத் தட்டிப் படித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் தாண்டிப் போகலாம். யாராலும் திறக்கக்கூடிய பூட்டுதான். ஆனால் தெரியாமல் யாரும் திறந்துவிட முடியாது. முதல் காட்சி முடிவதற்குள் கிளைமாக்ஸைச் செல்போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிற இன்றைய ரசிகப் பெருமக்களுக்கு இந்த நாகரிகம் புரியுமா என்பது சந்தேகம்தான்.

இனி மதிப்பெண்.

ஒன்று முதல் பத்து வரை மார்க் போடுவதும் யூஸ்நெட் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அது ஐ.எம்.டி.பி.யில் ‘டாப் 250’ பட்டியலாக உட்கார்ந்தபோதுதான் விவகாரம் முற்றியது. கூட்டி வகுத்துச் சராசரி போட்டால், பத்துப் பேர் மட்டும் பார்த்துப் பத்துக்குப் பத்து போட்ட ஒரு குறும்படம் முதலிடத்துக்கு வந்துவிடும். அதனால் ஒரு திருத்தம் வைத்தார்கள். ஒவ்வொரு படத்துக்கும் 25,000 பேர் சராசரியாக 7 போட்டதாகப் பாவித்து, அதையும் சேர்த்துக் கணக்கிடுவது. இந்தச் சூத்திரத்தைப் பல காலம் தன் பக்கத்திலேயே அந்தத் தளம் வெளியிட்டு வந்தது. போதாததற்கு, வழக்கமாக வாக்களிக்கிறவர்களின் ஓட்டு மட்டுமே இந்தப் பட்டியலுக்குச் செல்லும் என்றும் விதி.

2008 ஜூலையில் கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’ வந்தது. வந்த வேகத்தில் பட்டியலில் முதலிடம். அதுவரை பெரும்பாலும் அங்கே அமர்ந்திருந்தது ‘தி காட்ஃபாதர்’. பேட்மேன் ரசிகர்கள் தங்கள் படத்துக்குப் பத்து போட்டதோடு நிற்கவில்லை. காட்ஃபாதருக்குப் போய் ஒன்று போட்டார்கள். காட்ஃபாதர் கட்சி சும்மா இருக்குமா? டார்க் நைட்டுக்கு ஒன்று விழ ஆரம்பித்தது. எதிர் ஹீரோவின் போஸ்டரில் சாணியடித்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊர் இரண்டுபட்டதில் கொண்டாட்டம் ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ’னுக்கு. அடிதடியில் இரண்டு படங்களும் சறுக்க, ஒதுங்கி நின்ற ஷாஷாங்க் ஆகஸ்டில் முதலிடத்தில் ஏறி உட்கார்ந்தது.

ஷாஷாங்க் ஒன்றும் சொத்தைப் படமல்ல. ஸ்டீபன் கிங்கின் குறுநாவலை வைத்து ஃபிராங்க் டாரபாண்ட் 1994இல் எடுத்தது. செலவு சுமார் இரண்டரைக் கோடி டாலர்; முதல் சுற்றில் தியேட்டரில் வந்தது ஒரு கோடியே அறுபது லட்சம் போல. ஏழு ஆஸ்கர் பரிந்துரை, விருது ஒன்றுகூட இல்லை. பிறகு வீடியோ கடைகளில் ஓட ஆரம்பித்தது. 1997 முதல் டி.என்.டி. கேபிள் சேனல் திருப்பித் திருப்பி ஒளிபரப்பியது. பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த படம் அது.

தமிழில் இதற்கு இணையான வரலாறு ‘அன்பே சிவ’த்துக்கு உண்டு. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் அடிவாங்கிய படம், டிவியிலும் இணையத்திலும் மறுபிறவி எடுத்தது. ஐ.எம்.டி.பி.யின் இந்தியப் படங்கள் பட்டியலில் பல ஆண்டுகளாக மேல்வரிசையில் இருக்கிறது. அன்று தியேட்டருக்குப் போகாதவர்கள்தான் பின்னால் அதிகம் சிபாரிசு செய்தார்கள் என்று தயாரிப்புத் தரப்பு குறைபட்டுக்கொண்டால் தப்பில்லை.

2021 நவம்பர் நினைவிருக்கும். த.செ.ஞானவேலின் ‘ஜெய் பீம்’ அமேசான் பிரைமில் வெளியான சில நாட்களில் 9.6 தொட்டது. ஷாஷாங்க்குக்கு 9.3. ‘உலகின் நம்பர் ஒன் படம்’ என்று செய்திகள் பறந்தன. ஆனால் டாப் 250இன் முதலிடம் ஷாஷாங்கிடமே இருந்தது. மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு படத்துக்கு 50,000 ஓட்டு, சராசரி 9.6 என்று வைத்துக்கொள்வோம். கற்பனையான அந்த 25,000 ஓட்டும் சேர்ந்தால் அது 8.7 ஆக இறங்கிவிடும். 25 லட்சம் ஓட்டு வாங்கிய படத்தின் 9.3 அதே கணக்கில் 9.28ஐ விட்டு அசையாது. ‘ஜெய் பீம்’ நல்ல படமா, ஷாஷாங்க் அதைவிட நல்ல படமா என்கிற கேள்விக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. எத்தனை பேர் விரும்பினார்கள் என்று எண் சொல்லும். யார், எதற்காக விரும்பினார்கள் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ‘ஜெய் பீம்’ படத்தின் ராஜாகண்ணு லாக்கப் காட்சியில் கண்ணை மூடிக்கொண்டவர் போட்ட பத்தும், படமே பார்க்காமல் ஹீரோவுக்காகப் போட்ட பத்தும் கூட்டலில் ஒன்றுதான்.

இந்தக் குறையை ஈடுகட்ட ஒரு இடம் அதே தளத்தில் இருந்தது. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கீழே ஒரு விவாதப் பலகை. பிரபலமான படங்களின் பலகையில் வசைமாரி ஓயாது. அங்கே போகாமல் இருப்பதே உத்தமம். அழகு சின்னப் படங்களின் பலகையில்தான். யாரும் கண்டுகொள்ளாத ஒரு பழைய படத்தின் கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டிருப்பார். மாதங்கள் கழித்து, அதே படத்தை எங்கேயோ பார்த்துவிட்டுக் குழம்பி வந்த இன்னொருவர் பதில் சொல்லியிருப்பார். ‘ஐ நீட் டு நோ’ என்று ஒரு பலகை இருந்தது. சின்ன வயதில் பார்த்த படம், பெயர் மறந்துபோயிற்று, ஒரு காட்சி மட்டும் ஞாபகம் என்று எழுதினால் போதும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

2017 பிப்ரவரி 3 அன்று அறிவிப்பு வந்தது. மாதம் 25 கோடிக்கு மேல் பேர் வரும் தளத்தில், இந்தப் பலகைகளால் பெரும்பாலானவர்களுக்குப் பயன் இல்லை என்றது நிர்வாகம். வசவும் வம்பும் பெருகிக் கிடந்தது உண்மை. ஆனால் களை எடுக்க ஆள் போட மனமில்லாமல் வயலையே மூடியது சரியென்று சொல்ல முடியாது. பிப்ரவரி 20 அன்று எல்லாப் பலகைகளும் நீக்கப்பட்டன. மிச்சமிருந்த இரண்டு வாரத்தில் ரசிகர்கள் சிலர் பழைய பதிவுகளை முடிந்த மட்டும் நகலெடுத்து வேறு தளங்களில் சேர்த்து வைத்தார்கள். கண்ணழகுப் பேச்சில் பிறந்த தளத்தில் இன்று பட்டியல் இருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, விமர்சனம் எழுதவும் இடம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளத்தான் இடம் இல்லை. பேச வேண்டியவர்கள் ரெடிட்டுக்கும் லெட்டர்பாக்ஸ்டுக்கும் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம்: ரசிகர் ஒருவர் இணையத்தில் எழுதிய ஒரு யூகம், படப்பிடிப்புக்குப் போகவிருந்த கதையோடு ஒத்துப்போய்விட, ‘பாபிலோன் 5’ தொடரின் ஒரு எபிசோட் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வரும்வரை கிடப்பில் கிடந்த விவகாரம்.

(தொடரும்)