டிரம்பெட் வாங்கியாச்சு... பெட்டி எது வாங்குறது?

பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு போகத் தோதாக இருக்கே என்று பலரும் முதலில் வாங்குவது மெல்லிய பையைத்தான். பித்தளைதானே, என்ன ஆகிடும்? அங்கேதான் சிக்கல். டிரம்பெட் குழாயின் தடிமனே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். பெல்லில் விழும் ஒடுக்கைத் தட்டி எடுத்துவிடலாம். வால்வு உறை லேசாக நசுங்கினால் போதும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், வாசிக்கவே முடியாது.

அதனால் கடையிலேயே வாத்தியத்தை உள்ளே வைத்து, மூடி, மெதுவாக ஆட்டிப் பாருங்க. உள்ளே அசைந்தால், வெளியே எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் வேஸ்ட். மவுத்பீஸுக்குத் தனிக் குழி கட்டாயம். அது உள்ளே உருண்டு இடித்தே ஒடுங்கும் டிரம்பெட்டுகள் உண்டு.

பஸ், ரயில் பயணம் என்றால் என் ஓட்டு ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிக்கு. மரப்பெட்டியும் உறுதிதான், தூக்கத்தான் கை வலிக்கும். விமானத்தில் போகிறவர்கள் டேப்போடு கடைக்குப் போங்க: டிரம்பெட்டின் நீளம் சுமார் 48 செ.மீ., இண்டிகோ கேபின் பைக்கான உச்சவரம்பு 55 செ.மீ. பெட்டியின் சுவரும் மெத்தையும் சேர்ந்தால் அந்த மிச்சம் சட்டென்று காணாமல் போய்விடும்.

டிராம்போன்காரர்களா? மெல்லிய பை பக்கமே போகாதீங்க. ஸ்லைடு துளி வளைந்தாலும் அப்புறம் நகராது.