பழைய முதலாளியின் குரல்



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "சாமி, ஒவ்வொரு தடவையும் அதே பாவத்தைத்தான் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றேன். மறுபடியும் அதுலயே விழறேன். கடவுளுக்கே அலுத்துப் போயிருக்கும். அதான் வர்றதையே விட்டுட்டேன்."

நம்மில் பலருடைய மனத்தில் உள்ளதை அவர் வாய்விட்டுச் சொன்னார். திருந்திய பிறகுதான் கடவுளிடம் போக வேண்டும் என்று இவர் நினைக்கிறார். இன்னும் சிலரோ, 'மன்னிக்கத்தான் கடவுள் இருக்கிறாரே, பாவம் செய்தால் என்ன?' என்கிறார்கள். இரு சாராருக்கும் புனித பவுல் உரோமையர் திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் பதில் தருகிறார்.

திருமுழுக்கில் நாம் கிறிஸ்துவோடு இறந்து, அவரோடு புதுவாழ்வுக்கு எழுந்தோம். ஆகவே நம்மை ஆளும் உரிமையைப் பாவம் இழந்துவிட்டது என்கிறார் அவர். அடிமைகள் ஏராளமாக இருந்த உரோமை நகரத்துக்கு எழுதியதால், அடிமையையும் எசமானனையும் எடுத்துக்காட்டாகச் சொன்னார்.

நமக்கும் அது தெரியாத கதை அல்ல. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நம் நாட்டில் 1976இல் வந்தது. செங்கல் சூளையிலிருந்து மீட்கப்படும் குடும்பத்துக்கு அரசு அதிகாரி விடுதலைச் சான்றிதழ் தருகிறார். பட்ட கடன் முழுவதும் ரத்து. அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. ஆனாலும் மறுநாள் சூளை முதலாளியின் குரல் கேட்டால் உடல் பதறும். கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பும். பல வருடப் பழக்கம்! அதனால் சான்றிதழ் பொய்யாகிவிடுமா? ஆகாது. ஆனால் மறுபடியும் முன்பணம் வாங்கிக்கொண்டு அதே சூளைக்குப் போனால், பெற்ற விடுதலையால் பயன் என்ன?

அன்புக்குரியவர்களே, நமது விடுதலைச் சான்றிதழ் திருமுழுக்கு. சோதனை என்பது பழைய முதலாளியின் குரல். திருமுழுக்குப் பெற்றவரிடமும் பாவ நாட்டம் இருக்கவே செய்யும். நாம் அதற்கு இசையாதவரை அது பாவமாகாது என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1546இல் கற்பித்தது.

387ஆம் ஆண்டு மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்றவர் புனித அகுஸ்தினார். ஏறக்குறைய பத்தாண்டுகளுக்குப் பின், ஆயராக இருந்தபோது, தம் வாழ்வைக் கடவுள்முன் அறிக்கையிட்டு ஒரு நூல் எழுதினார். உணவின் மீதுள்ள ஆசையும் பிறர் புகழும் இன்னும் தம்மை இழுக்கின்றன என்று அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். சொந்த முயற்சியாலேயே பாவமின்றி வாழ முடியும் என்று பெலாஜியுஸ் போதித்தபோது, நல்லதை விரும்புவதற்கே இறையருள் நமக்கு முந்தி வர வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே.

அப்படியானால், 'மறுபடியும் விழுந்துவிட்டேனே' என்று அந்தப் பெரியவர் வருந்தினாரே, அந்த வருத்தத்தைத் தந்தது யார்? இறையருள்தான் அவரைக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது! நோய் குணமான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் உண்டா? 'இனிச் செய்யமாட்டேன்' என்ற உண்மையான உறுதியோடு வருகிறவரை, எத்தனையாவது முறை வந்தாலும் ஆண்டவர் திருப்பி அனுப்புவதில்லை.

பாவம் கூலி தரும்; அந்தக் கூலி சாவு. கடவுளோ நிலைவாழ்வைக் கொடையாகத் தருகிறார். அந்தக் கொடையைப் பெற்றவர் அதற்கேற்ப நடப்பதே நேரிய வாழ்வு. எடைக்கல்லில் ஏமாற்றாதிருப்பது, பேசாதிருக்கும் அண்ணன் வீட்டுப் படியேறுவது, குடிக்கக் கூப்பிடும் நண்பரிடம் 'வரமாட்டேன்' என்பது: சுதந்திர மனிதர் எடுத்துவைக்கும் அடிகள் இவை.

இந்த வாரம் பழைய குரல் கூப்பிடும்போது, 'நான் இப்போது உன் ஆள் இல்லை. இயேசுவின் ஆள்' என்று சொல்லிப் பாருங்கள். தடுமாறி விழுந்தால், விழுந்த இடத்திலேயே கிடக்காமல் எழுந்து ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன்.

நம்மை விடுவித்த ஆண்டவர், விடுதலை பெற்றவர்களாய் வாழும் வலிமையையும் நமக்குத் தருவாராக! ஆமென்.