வடசென்னையில் ஒரு நாள் யாத்திரை

காட்சி காண நெடுந்தூரம் செல்லும் நேயர்கள் ஒருமுறை இராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுவார்களாக. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இவ்விடமிருந்தே. பெருந்தூண்களுடன் அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.

அடுத்து நாம் இறங்கியது திருவொற்றியூர். சுந்தரர் சங்கிலியாரை மணந்த திருத்தலம். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதி.

பின்னர் எண்ணூர் சென்றோம். கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் கண்டல் மரங்களையும் நாரைகளையும் கண்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்நீரில்தான் படர்ந்தது. மீனவரின் படகுகளும் வலைகளும் கறுத்தன, தொழிலும் நின்றது.

கோயிலையும் நிலையத்தையும் அவற்றின் பெருமை உணர்ந்தோர் காத்து வருகின்றனர். கழியின் பெருமையை உணர்ந்தவரோ அதில் இறால் பிடித்துப் பிழைக்கும் ஏழை மீனவரே. நாமும் குடும்பத்தோடு சென்று காண்போமாக. காணாத பொருளின்மீது பற்று எங்ஙனம் உண்டாகும்?