மேல்கோட்டை வழியில் பேசும் கற்கள்

பெங்களூரிலிருந்து மைசூருக்கு ரெயிலில் போகிறவர்கள், மண்டியாவைத் தாண்டியதும் "பாண்டவபுரம்" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அந்த நிலையத்துக்கு ஒரு காலத்தில் "பிரெஞ்சு ராக்ஸ்" என்று பெயர். ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரிடம் பணிபுரிந்த பிரெஞ்சுப் படையினர், அங்குள்ள பாறைகளின் அருகே முகாமிட்டிருந்ததால் வந்த பெயர் அது. பலகை மாறியதும் அந்தக் கதையும் பலருக்கு மறந்துவிட்டது.

ஆனால் அங்கிருந்து மேல்கோட்டை வரை உள்ள கற்கள் இன்னும் கதை சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் தமிழும் இருக்கிறது என்பதுதான் நமக்குச் செய்தி.

தொண்டனூர் ஏரி

பாண்டவபுரத்துக்கு அருகே, பிரதான சாலையிலிருந்து சற்று விலகி இருக்கிறது தொண்ணூர் என்னும் தொண்டனூர். மலைகளுக்கு நடுவே பெரிய ஏரி. 1746-ல் இதைப் பார்த்த நாசிர் ஜங், தண்ணீரின் தெளிவைக் கண்டு "மோதி தலாப்", அதாவது முத்து ஏரி, என்று பெயரிட்டாராம். அதற்கு முன் வழங்கிய பெயர் திருமலைசாகரம்.

இங்குள்ள நம்பி நாராயணர் கோயில் ஓய்சாளர் காலத்தது. ஊரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. ஊருக்கே யாதவநாராயண சதுர்வேதிமங்கலம் என்று சோழ நாட்டுப் பாணியில் ஒரு பெயர் இருந்தது. மைசூர் அரசில் பணியாற்றிய லூயிஸ் ரைஸ், 1886 முதல் 1905 வரை 12 தொகுதிகளாக வெளியிட்ட கல்வெட்டு நூல்களைப் புரட்டினால், கன்னட நாட்டுக் கோயில்களில் தமிழ் எழுத்து எத்தனை இடங்களில் இருக்கிறது என்பது விளங்கும்.

அடைக்கலம் தேடி வந்தவர்

சோழ மன்னன் ஒருவனின் பகையால் ஸ்ரீரங்கத்தை விட்டுப் புறப்பட்ட இராமானுசர், இந்த வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தார் என்பது வைணவ மரபு. அந்த மன்னன் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இங்கே ஆண்டவன் ஓய்சாள மன்னன் விட்டுணுவர்த்தனன். 1116-ஐ ஒட்டித் தலக்காட்டைச் சோழர்களிடமிருந்து கைப்பற்றியவன் அவன்தான். அப்படிப்பட்ட மன்னனின் நாட்டில், சோழ நாட்டிலிருந்து வந்த பெரியவருக்கு இடம் கிடைத்தது.

பிழைப்புக்காக இங்கு வந்து வீடு தேடி அலைந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஏறக்குறைய 3,500 அடி உயரத்தில் இருக்கும் மேல்கோட்டையைத் தமிழ் வைணவர்கள் திருநாராயணபுரம் என்பார்கள். இராமானுசர் இங்கே 12 ஆண்டுகள் தங்கினார் என்பது மரபு. நெற்றியில் இடும் திருமண் இங்கே கிடைத்தது. அந்த வெள்ளை மண் வெளியூர்களுக்கும் போயிற்று.

மூன்று நாள் உரிமை

உற்சவர் செல்வப்பிள்ளையைத் தில்லியிலிருந்து மீட்டுவரத் துணை நின்ற தாழ்த்தப்பட்ட மக்களுக்கு, இராமானுசர் "திருக்குலத்தார்" என்று பெயர் சூட்டினார் என்றும், ஆண்டில் மூன்று நாள் கோயிலுக்குள் வரும் உரிமை கொடுத்தார் என்றும் கூறுவர். அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். ஆயினும் மற்ற நாட்களில் அவர்கள் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் சொன்னது 1950-ல்தான். இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்பவர்கள், அந்த நீண்ட காத்திருப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எரிந்த தேர், முடியாத கோபுரம்

1771-ல் மராட்டியப் படை அருகிலுள்ள சின்னகுருளியில் ஐதரை முறியடித்துவிட்டு, மேல்கோட்டையைச் சூறையாடியது. பெரிய மரத்தேர்களை அவர்கள் கொளுத்தினார்கள். அவற்றிலிருந்த இரும்புக்காக!

ஊரின் மேட்டில் ராய கோபுரம் நிற்கிறது. நெடிய கல் தூண்கள் மட்டும் எழும்பி, மேலே கோபுரம் கட்டப்படாமலே நின்றுவிட்டது. கீழே கல்யாணி திருக்குளம். 1991-ல் வந்த "தளபதி" படத்தைப் பார்த்தவர்களுக்கு மேல்கோட்டை தெரிந்த இடமாகவே இருக்கும்.

இரு மொழி ஊர்

இராமானுசர் வழி வந்த ஐயங்கார் குடும்பங்கள் வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமும் பேசி வாழ்ந்தன. 1905-ல் இங்கே பிறந்த பு.தி. நரசிம்மாச்சார் கன்னடத்தின் பெருங்கவிஞர்களில் ஒருவரானார். 1948-ல் இதே ஊரில் பிறந்த ஜெயலலிதா, 1991-ல் தமிழக முதலமைச்சரானார். காவிரித் தண்ணீருக்காக இரு மாநிலமும் மோதிக்கொள்ளும்போது முதலில் கொதிப்பது மண்டியா மாவட்டம். அதே மாவட்டத்து மலை ஊர்தான் இரண்டு மொழிக்கும் இப்படிப் பிள்ளைகளைக் கொடுத்திருக்கிறது.

எப்போது போகலாம்?

பலரும் பங்குனியில் நடக்கும் வைரமுடி சேவைக்குத்தான் போகிறார்கள். அரசுக் கருவூலத்திலிருந்து போலீஸ் காவலுடன் வரும் முடியை அணிந்து, இரவில் கருட வாகனத்தில் பெருமாள் எழுந்தருளுவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்தக் கூட்டத்தில் கல்லைப் பார்க்க நேரம் கிடைக்காது.

சாதாரண ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் போவது நல்லது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். யோகநரசிம்மர் மலைப் படிகளை வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிட்டு, புளியோதரை சாப்பிட்டு, திரும்பும் வழியில் தொண்டனூரையும் பார்க்கலாம். இங்கே கன்னடப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். பலகையில் உள்ள கன்னடத்தை அவர்கள் நமக்குப் படித்துக் காட்டட்டும். கல்லில் உள்ள தமிழை, பிடிபடும் எழுத்துகளையாவது, நாம் அவர்களுக்குக் காட்டுவோம்.