புதிய மலருக்குப் பெயரும் பதிவும்

காகிதப்பூச் செடியில் ஒரு கிளை மட்டும் நிறம் மாறிப் பூப்பதுண்டு. இதனை மொட்டுத் திரிபு என்பர். ‘மேரி பாமர்’ என்னும் வகையும், அதிலிருந்து வந்த ‘திம்மா’வும் இவ்வாறு தோன்றியவையே.

அங்கத்தினர்கள் இத்தகைய கிளையைக் கண்டால், போத்து வெட்டி நட்டு, குணம் நிலைக்கிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும். பழைய நிறத்துக்குத் திரும்பும் செடிக்குப் பெயர் சூட்டிப் பயனில்லை.

நிலைத்தபின், தாய்ச்செடியையும் வேறுபாட்டையும் குறித்துப் புது தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதலாம். காகிதப்பூவின் உலகப் பெயர்ப்பதிவு அங்கு நடைபெறுகிறது. பெயர் வேறு காகிதப்பூவுக்கு வழங்காததாக இருத்தல் வேண்டும்.

ஆயின் பெயர்ப்பதிவு விற்பனை உரிமை ஆகாது. அதற்கு 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி தனியே விண்ணப்பித்தல் வேண்டும். உழவருக்குக் கட்டணம் இல்லை. விற்கத் தொடங்கி ஓராண்டு கடந்தால் புது ரகம் என்னும் தகுதி போய்விடும். எனவே, விற்குமுன் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.