சிக்னலில் நின்றதும் ஏசி ஏன் சூடாகிறது?

நெடுஞ்சாலையில் ஜில்லென்று இருக்கும் பழைய காரின் ஏசி, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாக ஊதுகிறதா? முதலில் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். கம்ப்ரசர் அழுத்தி அனுப்பும் சூடான வாயு, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் வெப்பத்தை இழந்து திரவமாக வேண்டும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதற்குப் போதும். நிற்கும்போது விசிறிதான் கதி. அது சுழலாவிட்டால் அழுத்தம் ஏறும், குளிர்ச்சி போய்விடும். தூசி அடைத்த கண்டென்சரும் இப்படியே படுத்தும்.

விசிறி நன்றாக ஓடினால், வாயு குறைந்திருக்கலாம். அது பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றே பொருள். கம்ப்ரசர் எண்ணெயும் வாயுவோடு சுற்றுவதால், கசியும் இணைப்பில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். கசிவை அடைக்காமல் வாயு நிரப்ப ஒப்புக்கொள்ளாதீர்கள். பணம் வீண், அதோடு இத்தகைய ஏசிகளில் பெரும்பாலும் இருக்கும் ஆர்-134ஏ வாயு, கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது.