மங்கிய மெருகு மீள்வது எங்ஙனம்?

எம் பாட்டனார் 1978-ஆம் ஆண்டில் வாங்கிய அம்பாஸிடர் மோட்டார் வண்டி, பல்லாண்டு வெயிலில் உழன்றபின், எம் இல்லத்தின் புறத்தே ஒரு கொட்டகையில் நின்றது. கருநீலமாக வந்த அவ்வண்டி நீறு பூத்த தணல்போல் வெளிறிக் கிடந்தது. தடவின் விரலிற் சுண்ணம்போன்ற பொடி ஒட்டிற்று. கண்டோர் அனைவரும், "பழைய வண்ணத்தைச் சுரண்டியெறிந்து புதுவண்ணம் பூசுவதே வழி" என்றனர். பாட்டனார் உடன்பட்டிலர். "தொழிற்சாலையினின்று வந்த நாளில் இருந்த வண்ணம் இது. போக்கினால் மீளாது" என்பது அவர் கூற்று. அக்கூற்று முதுமையின் பிடிவாதமோ, உண்மையோ என ஆராயப் புகுந்த யாம், கோடை விடுமுறையிற் செய்து கண்டவற்றை ஈண்டு எழுதலுற்றாம்.

இவ்வகை வண்டி, இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மாதிரியாகக் கொண்டு, மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை செய்யப்பெற்றது. இனிப் புதியதொன்று வருதல் இல்லையாதலின், எஞ்சியவற்றின் முதல்வண்ணம் பேணுதற்குரியதே.

முதற்கண், மெருகென்பது யாதென ஆராய்வோம். காற்றசையாத குளத்துநீரிற் கரைப்பனை தெளிவாகத் தோன்றும். அலையெழுந்தவுடன் அவ்வுருச் சிதறும். நீர் மாறிற்றில்லை, அதன் பரப்பே மாறிற்று. அங்ஙனமே, ஒப்பரவான வண்ணப்பரப்பில் வீழும் ஒளி ஒருங்கே ஒரு திசையில் மீள்கின்றது; அதனை நாம் மெருகென்கின்றோம். நுண்ணிய குழிகளும் கீறல்களும் மலிந்த பரப்பில் வீழும் ஒளி பல திசையினுஞ் சிதறுகின்றது. அதனால் கருநீலமும் வெண்மை பாய்ந்ததுபோல் தோன்றுகின்றது.

அப்பரப்புக் கெடுவதற்குக் காரணம் யாது? பூச்சில், நிறந்தரும் பொடியும், அதனைப் பிணித்துத் தகட்டிற் பற்றச்செய்யும் பிசினும் உள. கதிரவனொளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் பிசினைச் சிதைக்கின்றன. காற்றிலுள்ள பிராணவாயு அச்சிதைவை வளர்க்கின்றது. பிணிப்பிழந்த நிறப்பொடி மேலே தங்குகின்றது. எம் விரலில் ஒட்டியது அதுவே. ஆயினும், இவ்வழிவு மேலிருந்து கீழ்நோக்கி மெல்லச் செல்வதாகலின், மடிந்த படலத்தின்கீழ் நல்வண்ணம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். மேலதை நீக்கின் கீழது விளங்கும்.

ஆனால் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். தகட்டின்மேலுள்ள பூச்சனைத்துஞ் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கே இருக்கும். நிறப்படலமோ அதிலும் ஒரு பகுதி. தேய்க்குந்தோறும் அதிற் சிறிது குறைகின்றது, குறைந்தது வளர்வதில்லை. ஆதலின் இத்தொழில், முதலை எடுத்துச் செலவிடுதல் போல்வது. வேண்டுமளவே எடுத்தல் அறிவுடைமை.

இனி, பூச்சின் வகையறிதல் இன்றியமையாதது. மோட்டார் வண்டி தோன்றிய காலத்து வார்னிஷ் பூச்சுக்கள் உலர்தற்கு வாரக்கணக்காயிற்று. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தார், விரைந்துலரும் 'டூகோ' என்னும் பூச்சை வெளியிட்டனர். அப்பெயர் நம் நாட்டுப் பட்டறைகளில் இன்றும் வழங்குகின்றது. பழைய வண்டிகளில் நிறமும் மெருகும் பெரும்பாலும் ஒரே படலத்தில் அமைந்திருக்கும். 1980-களின்பின் பரவிய வண்டிகளிலோ, நிறத்தின்மேல் 'க்ளியர் கோட்' என்னும் நிறமற்ற படலம் உண்டு. மறைவானதோரிடத்தில் வெள்ளைத் துணியாற் சிறிது பாலிஷ் இட்டுத் தேய்க்க. துணியில் நிறம் ஏறின் அஃது ஒரே படலம். ஏறாவிடின் க்ளியர் கோட் உளது. பின்னது தோலுரிந்தாற்போல் உரிந்திருப்பின் எத்துணைத் தேய்ப்பினும் பயனில்லை, புதுப்பூச்சே வேண்டும். எம் துணியில் நீலம் ஏறிற்று, யாம் மகிழ்ந்தேம்.

பின்னர் வண்டியை நிழலில் நிறுத்திக் கழுவினேம். வாளி இரண்டு வேண்டும். ஒன்றிற் கார் ஷாம்பூ கலந்த நீர், மற்றொன்றில் துணியை அலசும் நன்னீர். மணலொட்டிய துணியாற் கழுவுதல், கழுவுதலன்று, கீறுதலே. கழுவியபின்னும் பரப்புச் சொரசொரப்பாயிருப்பின், 'க்ளே' எனக் கடைகளில் விற்கும் பிசைமண் கட்டியை, சோப்புநீர் தெளித்து, அழுத்தாமல் இழைக்க வேண்டும். அது படிந்த அழுக்கைப் பற்றியெடுக்கும். கட்டி தரையில் வீழின் மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஒரே படலமுள்ள பழம்பூச்சு வறண்டிருக்குமாதலின், உடனே முரட்டு மருந்தை இடாமல், எண்ணெய்ப்பசை மிக்க, அரமற்ற மெருகுக்குழம்பைத் தடித்த பருத்தித் துவாலையால் தாராளமாகத் தேய்த்து, ஓரிரவு ஊறவிட்டுத் துடைத்தேம். துவாலை முழுதும் நீலமாயிற்று. வெளிறிய வண்ணமோ ஆழம் பெற்றது. அதன்பின், நுண்ணிய அரமுள்ள பாலிஷைக் கையகல இடத்தில் முதலில் இட்டுப் பார்த்து, அது போதியவிடத்து அதனையே கொண்டேம். போதாவிடத்து மட்டும் ரப்பிங் காம்பவுண்டை நாடினேம். மெலியதினின்று வலியதற்குச் செல்லலாம். வலியதிற் தொடங்கியவர் மீளுதல் அரிது.

இதனை யாம் அறிந்தும் ஓரிடத்து மறந்தேம். வண்டியின் மூலைகளிலும் மடிப்புகளிலும் பூச்சு மிக மெல்லியது. அவ்விடங்களைக் காகித டேப்பால் மறைத்தபின்னரே தேய்த்தல் வேண்டும். பானெட்டின் இடவோரத்தில் டேப் கழன்றதைக் காணாமல், விரைவுபற்றி யாம் காம்பவுண்டை அழுத்தித் தேய்த்தேம். துணியை எடுத்தபொழுது, விரல்நீள அளவிற்கு நீலம் நீங்கிக் கீழ்ப்பூச்சாகிய பிரைமர் வெளிப்பட்டது. நாற்பதாண்டு வெயிலும் செய்யாததை எம் கை ஒரு நிமிடத்திற் செய்தது.

நாணத்தொடு பாட்டனாரிடம் உரைத்தேம். அவர் அவ்வடுவைத் தடவிப் பார்த்து, "எஞ்சியதைக் காப்பாற்று" என்று மட்டுங் கூறினார். அன்றுமுதல் யாம் ஒரு நாளைக்கு ஒரு பகுதிக்குமேல் தொட்டிலேம்.

பாலிஷ் முடிந்தபின் காப்பு வேண்டும். பிரேஸில் நாட்டுக் கார்னௌபா என்னும் பனையினத்து மரத்தின் இலையினின்று எடுக்கும் மெழுகு கலந்த வாக்ஸை, மிக மெல்லியதாகப் பூசி, காய்ந்தபின் மென்துணியால் துடைக்க. மெழுகு மங்கலைப் போக்காது. மீட்ட மெருகை நீர், தூசிகளினின்று சிறிது காலம் காக்கும். ஆதலின் இரண்டு மூன்று திங்கட்கொருமுறை மீண்டும் இடுதல் நன்று.

விலக்கத்தக்கனவும் சிலவுள. மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பின் வண்டி அப்பொழுதைக்குப் பளபளக்கும். எண்ணெய் உலர்ந்தவுடன் மங்கல் மீளும், தூசியும் மிகுதியாக ஒட்டும். காலைதோறும் தூசியை உலர்துணியால் தட்டித் துடைக்கும் வழக்கமும் நுண்கீறல்களை விளைப்பதே. பழம்பூச்சிற் காரீயம் கலந்திருத்தல் கூடுமாதலின், உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியெழுப்புதல் உடலுக்குத் தீங்கு. கையுறை அணிந்து தேய்த்து, கைகழுவியபின்னரே உண்ணல் வேண்டும்.

ஒன்பது நாளில் எம் பணி முடிந்தது. கொட்டகைக்கு வெளியே வண்டியை உருட்டி நிறுத்தியபொழுது, கதவின் நீலத்தில் முற்றத்து வேம்பு இலையிலையாகத் தோன்றிற்று. பாட்டனார் அதன்முன் நெடுநேரம் நின்றனர். பானெட்டின் ஓரத்து வடுவும் அங்கே இருந்தது. அதற்கு வண்ணம் தீற்ற அவர் இசைந்திலர். அவர் கூறியது பிடிவாதமன்று, உண்மையே என்பதற்கு அவ்வடு சான்று. மெருகு புதிதாய் யாம் ஈந்ததன்று. முன்னரே உள்ளே இருந்தது. அதனை மறைத்ததை நீக்கியதே எம் தொழில். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே யாம் கற்ற கல்வி.